ஹீட்டருக்கு முன் கூரை

நீலகிரியின் சேரங்கோடு, சேரம்பாடி, கொளப்பள்ளி வட்டாரத்தில் பறிக்கும் பச்சைத் தேயிலையைத் தொழிற்சாலைக்குள் வந்ததும் முதலில் வாட்டும் தொட்டியில் பரப்புகிறார்கள். மழைக்காலம் என்றால் தொட்டிக்கு அடியிலிருந்து இளஞ்சூடான காற்று ஊதப்படும். காற்றில் எவ்வளவு ஈரம் என்று தெரிந்துகொள்ள இரண்டு வெப்பமானிகள் இருக்கும். ஒன்றின் நுனியில் ஈரத்துணி, மற்றொன்று வெறுமனே. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துத்தான் சூட்டைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்வார்கள். அதற்கடுத்து உலர்த்தும் எந்திரத்தில் நூறு டிகிரியை ஒட்டிய காற்று பாயும்; அங்கே அளவு பிசகினால் தூள் கருகும், அல்லது ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும். இலைக்கு இத்தனை கவனம் தேவைதான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த இலையைப் பறித்தவர் இரவில் படுக்கும் அறையில் எத்தனை டிகிரி இருக்க வேண்டும் என்று நம் விதிகளில் எதுவும் சொல்லவில்லை. நீலகிரியில் குளிர்காலச் செலவு என்று பேச்சு எழும்போதெல்லாம் அது மின்கட்டணத்தில் போய் நின்றுவிடுகிறது. கட்டணமும் முக்கியம்தான். ஆனால் அரசும் தோட்ட நிர்வாகங்களும் முதலில் கைவைக்க வேண்டிய இடம் வீட்டின் கூரை. மின்சலுகை, ஹீட்டர் எல்லாம் அதற்குப் பிறகுதான் பலன் தரும்.

ஒரு வீட்டுக்குள் எவ்வளவு குளிர் வரை பொறுக்கலாம் என்பதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட வீட்டுவசதி, சுகாதார வழிகாட்டுதல்கள், குளிர்காலத்தில் வீட்டுக்குள் 18 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் இருப்பது நல்லது என்கின்றன; குழந்தைகளும் முதியவர்களும் நோயாளிகளும் உள்ள வீட்டுக்கு அதற்கும் சற்று மேலே வேண்டும். லண்டனிலும் டொராண்டோவிலும் உள்ள தமிழ்க் குடும்பங்கள் தெர்மோஸ்டாட்டை 18-ல் வைப்பதா 21-ல் வைப்பதா என்று மாதாந்திர பில்லைப் பார்த்து யோசிக்கின்றன. டொராண்டோவில் வாடகை வீட்டின் உரிமையாளர் குளிர்மாதங்களில் குறைந்தது 21 டிகிரி தந்தாக வேண்டும் என்று நகராட்சி விதியே இருக்கிறது. நம் மலையில் தெர்மோஸ்டாட் கிடையாது. இருந்தாலும் 18 என்ற அந்த எண்ணை ஊட்டியோடு பொருத்திப் பார்க்கலாம். 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் ஜனவரி இரவுகளின் சராசரி ஆறு டிகிரியை ஒட்டி இருக்கும். தலைகுந்தா, காந்தள் போன்ற பள்ளமான இடங்களில் புல்வெளி வெளுத்துப்போகும் அளவுக்கு உறைபனி இறங்கும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நாளிதழ்களில் ஆண்டுதோறும் படம் வரும். பலர் கவனிக்காத விஷயம் ஜூலை மாதம். தென்மேற்குப் பருவமழை கொட்டும் அந்த மாதத்தில் ஊட்டியின் பகல்நேர உச்ச வெப்பநிலையே சராசரியாக 18-ஐ எட்டுவதில்லை. அதாவது மலையின் குளிர்காலம் மார்கழி, தை என்ற இரண்டு மாதத்தோடு முடிவதில்லை. ஆனி, ஆடியிலும் அது இருக்கிறது, கூடவே ஈரத்தோடு.

சேரங்கோடு இந்த இரண்டாவது குளிரின் ஊர். கூடலூர், பந்தலூர் பக்கம் ஊட்டியைவிட ஆயிரம் மீட்டருக்கும் மேல் தாழ்வானது. இங்கே உறைபனி விழாது. சுற்றுலாப் பயணி படமெடுக்க எதுவும் இல்லை. ஆனால் அருகிலுள்ள தேவாலா தமிழகத்திலேயே மிக அதிகமாக மழை பெறும் இடங்களில் ஒன்று. ஜூன் தொடங்கினால் வாரக்கணக்கில் வெயில் எட்டிப் பார்க்காது. சுவரில் பச்சையும் கருப்பும் படரும். அடுப்புக்கு மேலே கட்டிய கம்பியில் விறகும் பள்ளிச் சீருடையும் ஒன்றாகக் காயும். ஷீட் போட்ட வீடுகளில் விடியற்காலையில் கூரையின் அடிப்பக்கம் வியர்த்துச் சொட்டும்; வெளியே மழை விட்டிருந்தாலும் கம்பளி நனையும். உறைபனி இல்லை என்பதால் இதைக் குளிர் என்று யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

கணக்கில் எடுக்காதது பெரிய தவறு என்று மருத்துவ ஆய்வுகள் சொல்கின்றன. ஐரோப்பாவில் குளிர்கால மரணங்களை ஒப்பிட்டவர்களுக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. பின்லாந்தும் ஸ்வீடனும் கடுங்குளிர் நாடுகள். போர்ச்சுகலும் ஸ்பெயினும் மிதமான குளிர் நாடுகள். ஆனால் கோடையைவிடக் குளிர்காலத்தில் கூடுதலாக இறப்பவர்களின் விகிதம் பின்சொன்ன நாடுகளில்தான் அதிகம். பின்லாந்துக்காரர் வீட்டைக் குளிருக்கென்றே கட்டுகிறார். வெளியே பனி மூடிக் கிடந்தாலும் உள்ளே அறை வெதுவெதுப்பாக இருக்கும். போர்ச்சுகலில் ‘இங்கே என்ன பெரிய குளிர்’ என்று மெல்லிய சுவரும் இடைவெளி விட்ட சன்னலுமாகக் கட்டிவிடுகிறார்கள். இந்தியாவில் மரணங்களை வெப்பநிலையோடு பொருத்திப் பார்த்து 2018-ல் வெளியான ஓர் ஆய்வும், கடுங்குளிராலும் கடும் வெயிலாலும் நேரும் மரணங்களைவிட மிதமான குளிரோடு தொடர்புடைய மாரடைப்பு, பக்கவாத, மூச்சுநோய் மரணங்கள் பன்மடங்கு அதிகம் என்று காட்டியது. கடுங்குளிர் சில நாள்தான் இருக்கும். மிதமான குளிரோ பல மாதம் நீடிக்கும் என்பதே காரணம். நீலகிரி, குறிப்பாக அதன் மேற்குச் சரிவு, இந்த விஷயத்தில் போர்ச்சுகலின் நிலையில் இருக்கிறது.

மலையில் வீடு கட்டத் தெரியாமல் இப்படி ஆகிவிடவில்லை. தோடர்களின் பீப்பாய் வடிவக் குடிசை, தவழ்ந்துதான் நுழைய முடியும் என்ற அளவு சிறிய வாசலோடு, தடித்த புல் வேய்ந்து, குளிருக்கென்றே பிறந்த கட்டடம். கல் வீடு கட்டிய ஆங்கிலேயரும் அறைக்கு அறை கணப்பும் புகைபோக்கியும் வைத்துக்கொண்டார்கள். ஊட்டி, குன்னூர் பழைய பங்களாக்களில் அவை இன்றும் நிற்கின்றன. தொழிலாளிக்கு என்று வந்தபோதுதான் இந்த அறிவு கைவிடப்பட்டது. வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடு, மேலே தகரம் அல்லது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், சீலிங் கிடையாது, கூரைக்கும் சுவருக்கும் இடையே கைநுழையும் இடைவெளி. 1951-ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை என்றது. மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் பாதுகாக்கக் குடை, கம்பளி, மழைக்கோட்டு வழங்கச் செய்யும் அதிகாரத்தையும் மாநில அரசுக்குத் தந்தது. குளிர் ஒரு தொழில் சார்ந்த துன்பம் என்பதைச் சட்டம் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனால் பரிகாரத்தை உடம்பின்மேல் போர்த்தும் கம்பளியோடு நிறுத்திக்கொண்டது. 1964-ம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களின் மறுவாழ்வுக்காக 1968-ல் அரசே தேயிலைத் தோட்டம் தொடங்கியது. அது 1976-ல் டான்டீ நிறுவனமானது. சேரங்கோடு அதன் முக்கியமான பகுதிகளில் ஒன்று. இங்கே வீடு கட்டியதும் அரசு, பராமரிக்க வேண்டியதும் அரசு. தனியார் தோட்டத்தைக் குறை சொல்லிவிட்டு ஒதுங்க முடியாத இடம் இது.

இனி கணக்குக்கு வருவோம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சரிவையும் சேர்த்தால் கூரைப் பரப்பு ஏறக்குறைய 12 சதுர மீட்டர். அடியில் எதுவும் இல்லாத ஒற்றை ஷீட், உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 6 வாட் வெப்பத்தை வெளியே விடும். வெளியே 10 டிகிரி, உள்ளே 18 வேண்டும் என்றால் கூரை வழியாக மட்டும் 570 வாட்டுக்கு மேல் போய்க்கொண்டே இருக்கும். ஆயிரம் வாட் ரூம் ஹீட்டர் போட்டால் பாதிக்கு மேல் ஷீட்டைத்தான் சூடாக்குகிறது. மீதியில் பெரும்பங்கு கூரையோரத்து இடைவெளி வழியாகப் போய்விடும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை. அதே ஷீட்டுக்கு அடியில் இரண்டு அங்குல வெப்பத்தடுப்போடு ஒரு சீலிங் அடித்தால் கூரை வழியே போவது அறுபது வாட் அளவுக்கு இறங்கிவிடும். இப்போது அந்த ஹீட்டரின் பில்லைப் பார்ப்போம். இரவுக்கு நான்கு மணி நேரம் என்றால் நான்கு யூனிட். இரண்டு மாதத்துக்கு 240 யூனிட். வழக்கமாக 180 யூனிட் செலவழிக்கும் குடும்பம், முதல் 100 யூனிட் இலவசம் போக, 2024 ஜூலையில் நிர்ணயித்த கட்டணத்தின்படி இருநூறு ரூபாய்க்கும் குறைவாகக் கட்டும். ஹீட்டரோடு 420 யூனிட் ஆனால் பில் 1,300 ரூபாயைத் தாண்டும். வீட்டில் இன்னொரு அறைக்கும் ஹீட்டர் வைத்து 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், 101 முதல் 200 யூனிட் வரைக்கான சலுகை போய்விடுவதோடு தாண்டிய யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கும் மேல் விழும். முதல் ஹீட்டரிலேயே பில் ஏறக்குறைய ஏழு மடங்காகிறது. அந்தப் பணத்தில் சரிபாதி கூரைக்கு மேலே இருக்கும் மேகத்தைச் சூடாக்கப் போகிறது.

சேரங்கோட்டுத் தொழிலாளர் குடும்பங்களில் பெரும்பாலானவை இந்தப் பில்லைக் கட்டுவதில்லை, ஏனெனில் அவர்கள் ஹீட்டரே வாங்குவதில்லை. அவர்கள் செலவு மீட்டரில் ஓடாது. விறகு பொறுக்கப் போகிற நேரம், யானை நடமாடும் காட்டோரத்தில் சுமையோடு திரும்புகிற ஆபத்து, பெண்களின் கண்ணிலும் நெஞ்சிலும் இறங்குகிற புகை என்று வேறு கணக்கில் அது எழுதப்படுகிறது. எரிவாயு இணைப்பு வந்த பிறகும் மலையில் விறகடுப்பு அணையாததற்குச் சமையலைவிடக் குளிரே பெரிய காரணம். சிலிண்டர் சோற்றை வேக வைக்கும், அறையை வெதுவெதுப்பாக்காது. உஜ்வாலா போன்ற திட்டங்களை மதிப்பிடுபவர்கள் மலை மாவட்டங்களில் இதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். விறகும் இல்லாத இடத்தில் கரி அடுப்பு வருகிறது. மூடிய அறையில் கரி கனன்றால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் அறைக்குள் கரி அடுப்பை வைத்துவிட்டுத் தூங்கிய திருச்சியைச் சேர்ந்த இருவர் இறந்தார்கள். சுற்றுலா வந்தவர்கள் என்பதால் அது செய்தி ஆனது. அது நடந்தது ஆகஸ்டில் என்பதையும் கவனிக்க வேண்டும்.

‘மலைக்காரர்களுக்குக் குளிர் பழகிப்போயிருக்கும்’ என்று சமவெளியில் இருப்பவர்கள் சொல்வதுண்டு. பழகுவது உண்மை, ஆனால் பழகுவது பெரும்பாலும் நடத்தை. ஸ்வெட்டரைக் கழற்றாமல் இருப்பது, மங்கி கேப்போடு தூங்குவது, மாலை ஆறு மணிக்கே அடுப்பங்கரையில் எல்லோரும் ஒடுங்குவது. ரத்தக்குழாய் சுருங்குவதும் ரத்த அழுத்தம் ஏறுவதும் பழக்கத்தால் நின்றுவிடாது. பிறந்து பத்து நாளான குழந்தைக்கும் ஆஸ்துமா உள்ள பாட்டிக்கும் பழகிக்கொள் என்று சொல்வது ஒரு கொள்கை ஆகாது. மேலும், இந்தக் குடும்பங்கள் குளிரைத் தேர்ந்தெடுத்து வந்து குடியேறவில்லை. வேலைக்காக அங்கே குடியமர்த்தப்பட்டவர்கள்.

இரண்டாவது ஆட்சேபம் வலுவானது, அதைச் சொல்பவர்களின் பக்கம் நியாயமும் இருக்கிறது. பைக்காராவில் 1932-லேயே நீர்மின்சாரம் எடுக்கத் தொடங்கிய மாவட்டம் இது. பின்னர் மாயாறும் குந்தாவும் வந்தன. இந்த மலையின் மழைதான் சமவெளியின் விளக்கையும் பம்பு செட்டையும் ஓட்டியது. அப்படியிருக்க மலை வீடுகளுக்கு மழைக்காலத்திலும் குளிர்காலத்திலும் கூடுதல் இலவச யூனிட் தந்தால் போதாதா? தரட்டும், 500 யூனிட் வரம்பையாவது மலைப்பகுதிக்கு அந்த மாதங்களில் தளர்த்தட்டும். நானும் அதை ஆதரிக்கிறேன். ஆனால் அதையே முதல் வேலையாக வைத்தால் மூன்று இடத்தில் இடிக்கும். ஒன்று, மேலே பார்த்த ஷீட் கூரை. அரசு தரும் யூனிட்டில் பாதி வானத்துக்குப் போகும், ஆண்டுதோறும் போகும். இன்னொன்று, பந்தலூர் வட்டாரத்தில் மின்சாரம் அறுந்துபோவது எப்போது என்று மின்வாரிய ஊழியர்களைக் கேட்டால் தெரியும்: காற்றும் மழையும் சேர்ந்து மரத்தைக் கம்பிமேல் சாய்க்கும் நாட்களில். அதாவது குளிர் உச்சத்தில் இருக்கும் இரவில்தான் ஹீட்டர் வேலை செய்யாது. கூரைக்கு அந்தப் பிரச்சினை இல்லை. மூன்றாவது மிகவும் வேதனையானது. 1969-ம் ஆண்டின் கூடலூர் ஜென்மி நில ஒழிப்புச் சட்டத்தின் 17-வது பிரிவில் சிக்கிய நிலங்களில் வாழும் குடும்பங்கள் பட்டாவுக்கும் மின் இணைப்புக்கும் பல ஆண்டுகளாகப் போராடி வருகின்றன. மீட்டரே இல்லாத வீட்டுக்கு மின்சலுகை எந்த வழியில் போய்ச் சேரும்? இலவச யூனிட்டை மட்டும் நம்பினால், மலையிலேயே மிக ஏழைகளை விட்டுவிட்டு, கீசரும் ஹீட்டரும் வைத்திருப்பவர்களுக்கு உதவியதாக முடியும்.

செலவு என்று மூன்றாவது ஆட்சேபம் வரும். மாநிலமே வெயிலில் வேகும்போது மலையின் குளிருக்குத் தனி நிதியா என்று கேட்பார்கள். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலால் இறந்தவர் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. மிகச் சரியான முடிவு. அதே அரசு தன் மலை மாவட்டங்களின் குளிரையும் இந்த வகையில் பார்க்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை. 2011 கணக்குப்படி நீலகிரியின் மக்கள்தொகை 7 லட்சத்து 35 ஆயிரம். அதில் ஷீட் கூரைக்கு அடியில் வாழ்பவர்கள் ஒரு பகுதிதான். கூரை ஒருமுறைச் செலவு. தவிர, வெப்பத்தடுப்புக்கு ஒரு வசதி உண்டு: சமவெளியில் அது வெயிலை உள்ளே விடாது, மலையில் சூட்டை வெளியே விடாது. மத்திய அரசின் எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற குடியிருப்பு எரிசக்தி விதித்தொகுப்பு 2018-லேயே கூரை வழியாக எவ்வளவு வெப்பம் கடக்கலாம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 1.2 வாட். நம் ஒற்றை ஷீட் அதில் ஐந்து மடங்கு கடத்துகிறது. ஆனால் அந்த விதி 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்குத்தான். யாருக்கு அதிகம் தேவையோ அவர்கள் வீடு அதற்குள் வரவே வராது.

நியூசிலாந்தில் நடந்த ஒரு சோதனை இந்த வாதத்துக்கு மிக நெருக்கமான ஆதாரம். அங்கும் குளிர் மிதமானது, வீடுகள் பழைய மர வீடுகள், வெப்பத்தடுப்பு இல்லாதவை. ஓட்டாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மூச்சுக்கோளாறு உள்ளவர்கள் வாழும் 1,350 வீடுகளை எடுத்துக்கொண்டு, சீட்டுக் குலுக்கல் முறையில் பாதி வீடுகளுக்கு முதலில் கூரையிலும் தரைக்கு அடியிலும் வெப்பத்தடுப்பு வைத்தார்கள். மீதி வீடுகளுக்கு அடுத்த ஆண்டு. முடிவுகள் 2007-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியாயின. படுக்கையறை வெப்பநிலை அரை டிகிரிதான் ஏறியது. கேட்டால் அற்பமாகத் தோன்றும். ஆனால் அறையின் ஈரப்பதம் குறைந்தது. எரிசக்திச் செலவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. மூச்சிரைப்பும், பிள்ளைகள் பள்ளிக்கும் பெரியவர்கள் வேலைக்கும் போகாமல் வீட்டில் கிடப்பதும் கணிசமாகக் குறைந்தன. அந்த நாட்டு அரசு 2009 முதல் மானியம் கொடுத்து இரண்டு லட்சத்துக்கும் அதிகமான வீடுகளுக்கு இதைச் செய்தது. வாடகை வீட்டின் வரவேற்பறையை 18 டிகிரிக்குச் சூடாக்க வசதி இருக்க வேண்டும் என்ற விதி 2019-ல் வந்தது. முதலில் கூரை, பிறகு ஹீட்டர் என்ற அந்த வரிசையைத்தான் இங்கும் பின்பற்றச் சொல்கிறேன்.

வீட்டை அடைத்தால் புகை உள்ளேயே சுழலாதா என்று ஒருவர் கேட்டால், அந்தக் கேள்வி மிகச் சரி. இந்தத் திட்டத்தில் கவனம் தவறக் கூடாத இடமே அதுதான். விறகடுப்பு எரியும் வீட்டில் கூரையோர இடைவெளியை மட்டும் அடைத்துவிட்டுப் போனால் குளிரைப் புகையாக மாற்றிக் கொடுத்தது போலாகும். ஆகவே சீலிங்கும் புகைபோக்கியும் ஒரே வேலையாக, ஒரே மதிப்பீட்டில் வர வேண்டும்; படுக்கும் அறையும் அடுப்பறையும் கதவால் பிரிய வேண்டும்; காற்றுப் போக்கிக்கு இடம் விட வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைத்துக் கழற்றினால் அதன் நார் காற்றில் கலந்து நுரையீரலைப் பாதிக்கும் என்பதால், ஷீட் உறுதியாக இருக்கும் வீடுகளில் அதைத் தொடாமல் அடியில் சீலிங் அடிப்பதே பாதுகாப்பு. உடைந்தவற்றை முறையாக அகற்ற வேண்டும். உள்ளூர்த் தச்சர்களும் கொத்தனார்களும் செய்யக்கூடிய வேலைதான் இது. வெளிநாட்டுத் தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை.

புதிதாகக் கட்டும் வீடுகளிலாவது இதை இப்போதே நுழைக்கலாம். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் மூன்றரை லட்சம் ரூபாயில் 360 சதுர அடி வீடு கிடைக்கிறது. அதில் 300 சதுர அடி கான்கிரீட் கூரை. குடிசையிலிருந்து மாறுகிற குடும்பத்துக்கு இது பெரிய முன்னேற்றம். ஆனால் வெற்று கான்கிரீட் கூரை ராமநாதபுரத்துக்கும் பந்தலூருக்கும் ஒரே மாதிரி பொருந்தாது. மழைமாதங்களில் அது குளிர்ந்து, உள்ளே சமைக்கும் ஆவி அதில் படிந்து, மூலைகளில் பூஞ்சை பிடிக்கும். நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை, ஏற்காடு ஆகிய மலைகளுக்கென்று அந்தத் திட்டத்தில் ஒரு தனி வரைபடமும், கூரைக் காப்புக்கும் புகைபோக்கிக்கும் ஒரு கூடுதல் தொகையும் சேர்க்க வேண்டும். பிரதமர் வீட்டுவசதித் திட்டம் மலைப்பகுதிக்கு வீட்டுக்கு 1 லட்சத்து 30 ஆயிரம் என்று, சமவெளியைவிடப் பத்தாயிரம் கூட்டித் தருகிறது. மலைக்குச் செலவு அதிகம் என்ற கொள்கை ஏற்கெனவே ஒப்புக்கொள்ளப்பட்டதுதான். தோட்டத்தில் குடியிருப்பவர்களுக்குச் சொந்த மனை இல்லாததால் இந்தத் திட்டங்கள் எட்டாது. அவர்கள் வீட்டுக்குக் கடமைப்பட்டது நிர்வாகம். 1951-ம் ஆண்டுச் சட்டம் இப்போது 2020-ம் ஆண்டின் பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் சேர்ந்துவிட்ட நிலையில், மாநில அரசு எழுதும் விதிகளில் கம்பளிக்கு அடுத்த வரியாக, லைன் வீட்டுக்குச் சீலிங்கும் புகைபோக்கியும் கட்டாயம் என்று சேர்க்க வாய்ப்பு இருக்கிறது. டான்டீ தன் சேரங்கோடு குடியிருப்புகளில் ஒரு வரிசையை எடுத்து, பாதி வீடுகளுக்குச் சீலிங் அடித்து, எல்லா வீட்டிலும் ஒரு வெப்பமானியும் ஈரப்பதமானியும் மாட்டி, ஜூன் முதல் பிப்ரவரி வரை அளந்து, விறகுச் செலவையும் மருத்துவமனைக்குப் போன நாட்களையும் குறித்து வைத்தால், மாநிலம் முழுவதற்குமான மதிப்பீட்டை அந்த ஒரு வரிசையிலிருந்தே தயாரித்துவிட முடியும்.